மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்த எறும்பு

ஐப்பசி அடைமழை பிடித்தால் எனக்கு வரும் போன்களில் பாதி எறும்புக்காகத்தான். கும்பகோணத்தைச் சுற்றிப் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்கிறவன் நான். கரையானுக்குக் கூப்பிடுகிறவர்கள் "நல்லா மருந்தடிங்க" என்பார்கள். எறும்பு என்றால் மட்டும் "மருந்து வேணாம் தம்பி, இயற்கையா ஏதாவது சொல்லு" என்பார்கள். நியாயம்தான். சோறு ஆக்குகிற இடத்தில் விஷம் தெளிக்க யாருக்கு மனசு வரும்?

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள் பெரியவர்கள். சம்பா வயலில் தண்ணீர் கட்டி, வரப்பும் கொல்லையும் ஊறிப்போனபின் அதற்கு வேறு திட்டை ஏது? நம் சமையல் மேடைதான்.

போன மழையில் பாபநாசம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா மேடை நீளத்துக்கும் மஞ்சள்தூளால் கோடு போட்டு வைத்திருந்தார். வரிசையாக வந்த எறும்பு கோட்டருகே நின்றது, கொம்பை ஆட்டியது, கலைந்தது. பெரியம்மா முகத்தில் சிரிப்பு. நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. கழுவும் தொட்டி ஓரம் ஈரம் பட்டு மஞ்சள் களிம்பாகிக் கிடந்த இடத்தில் ஓர் எறும்பு கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஊரே வந்தது.

வீட்டுக்குத் திரும்பி நானே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். மாடியில் ஒரு மூடியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, வரிசை பிடித்ததும் நடுவில் ஒரு நாளைக்கு ஒரு பொருள். மிளகாய்த்தூள், பட்டைத்தூள், முகப்பவுடர் எல்லாம் மஞ்சள் கதைதான்: காய்ந்து கிடக்கும்வரை தடை, காற்றடித்தால் வழி. பொடியில் கால் பிடிக்காமல் சறுக்குவதாலும் நெடியாலும் திரும்புகிறதே தவிர, எறும்பு சாகவில்லை. உப்பைச் சட்டையே செய்யவில்லை. கற்பூரம் வாசனை இருக்கும்வரை வேலை செய்தது, ஆனால் அது காற்றில் கரைந்துபோகிற பொருள். தவிரவும், குழந்தை வாயில் போட்டால் வலிப்பே வரக்கூடும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் மூலைக்கு மூலை கற்பூரம் வைக்காதீர்கள்.

ரவை வைத்தால் எறும்பு அதைத் தின்று, வயிறு ஊதி வெடித்துவிடும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது, நீராகத்தான் உறிஞ்சும். கெட்டியான தீனியைத் தூக்கிப்போய்ப் புழுக்களுக்குக் கொடுக்கும். ஆக, ரவை வைத்தவர் எறும்பு வீட்டுக்கு விருந்து அனுப்பியிருக்கிறார்.

உருப்படியாக வேலை செய்தது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். எறும்பு நடக்கும்போது தரையில் ஒரு வாசனைத் தடம் போட்டுக்கொண்டே போகிறது, பின்னால் வருவது அதை மோந்து வருகிறது. வெறும் ஈரத்துணியால் துடைத்தால் தடம் முழுதும் போவதில்லை, சோப்பு அதை எடுத்துவிடும். நேரடியாகப் பட்டால் உடம்பெல்லாம் நனைந்து மூச்சடைத்துச் செத்தும் போகும். வினிகரும் தடத்தை அழிக்கிறது, காசுதான் அதிகம்.

இன்னொன்று நம் பாட்டிமார் வைத்தியம், அலமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். திருவெறும்பூர்க் கதை தெரியும் அல்லவா? தேவர்கள் எறும்பு உருவத்தில் வந்தபோது எண்ணெய்ப் பசையால் லிங்கத்தில் ஏற முடியாமல் வழுக்கியதாம். சிவனே மண்புற்றாகிச் சாய்ந்து கொடுத்தாராம். நம் அலமாரி சாய்ந்து கொடுக்காது, அதனால் கிண்ணம் நன்றாகவே காக்கும். ஆனால் டெங்கு கொசு முட்டையிட அந்தக் கிண்ணமே போதும். வாரம் ஒருமுறை கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி வையுங்கள்.

சரி, பெரியம்மா வீட்டுக்கு வருகிறேன். மேடையில் கண்ட எறும்பு இரை தேடப் போனவை மட்டும்தான். ராணியும் முட்டையும் புழுவும் உள்ளே பத்திரமாக இருக்கும். வரிசையைத் திருப்புவது வேறு, கூட்டை முடிப்பது வேறு. பின்னோக்கித் தொடர்ந்து போனோம். ஜன்னல் கட்டை, சுவர் வெடிப்பு, கடைசியில் சுவிட்சுப் பெட்டி. தலை கறுத்து, வயிறு வெளிறிய மிகச் சின்ன எறும்பு. இந்த இனத்தில் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஸ்பிரே அடித்தால் கூட்டம் பிரிந்து இரண்டு மூன்று இடத்தில் குடி போகும். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. அது கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அங்கேயும் காவல் நின்றது. அந்தக் கிளைகளை வெட்டச் சொன்னேன்.

அப்புறம் நான் வைத்தது போரிக் ஆசிட் பவுடர். அரை லிட்டர் வெந்நீர், 4 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 டீஸ்பூன் பவுடர், அதாவது சுமார் 5 கிராம். அது 1 சதவீதக் கரைசல். "இன்னும் ரெண்டு கரண்டி போட்டா சீக்கிரம் சாகுமே" என்றார் பெரியம்மா. அங்கேதான் தப்பு நடக்கிறது. கூடுதலாகப் போட்டால் குடித்த எறும்பு கூடு சேருமுன்பே செத்துவிடும். மெதுவாக வேலை செய்தால்தான் வாய்க்கு வாய் ஊட்டி ராணிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் வைத்து மூடினேன். முதல் 2 நாள் எறும்பு அதிகமாகத்தான் வரும், துடைக்கக் கூடாது. மிச்சக் கரைசலை அடுப்படியில் வைக்கவே கூடாது. அந்தப் பவுடர் பார்க்க மைதா மாதிரி இருக்கும், பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் வயல்காரர் வீடுகளில்தான். மன்னார்குடி பக்கம் ஒருவர் நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய குருணை மருந்தைத் திண்ணையைச் சுற்றித் தூவியிருந்தார். எறும்புக்காம். இரண்டு கோழிகள் போனபிறகுதான் எனக்குப் போன் வந்தது. அங்கே பிள்ளைகளும் விளையாடுவார்கள். வயலில் பரவலாகப் போட்ட போரேட் குருணைக்கு 2020 கடைசியோடு இந்தியாவில் தடை வந்துவிட்டது. ஆனாலும் பழைய பாக்கெட் பரணில் கிடக்கும் வீடுகள் உண்டு. முந்தைய தலைமுறை எறும்புக்குத் தூவிய கெமாக்சின் பொடியும் தடையானதே. கடையில் விற்கும் எறும்பு சாக்பீஸும் வெறும் சுண்ணாம்பு அல்ல, பூச்சிக்கொல்லி கலந்தது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கோடு போடச் சொல்வதை இன்றும் பார்க்கிறேன்.

10 நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். மேடையில் ஒன்றுகூட இல்லையாம். "துளசி மாடத்துப் பக்கம் கறுப்பா ஊருதே, அதுக்கும் வைக்கலாமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"சேச்சே, அது பிள்ளையார் எறும்பு. கோல மாவைத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போவுது. அதை ஏன் தம்பி நீ வம்புக்கு இழுக்குற?"