இரவல் வேலை: 'பிரிகேரியஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன?

தொழிலாளர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் 'பிரிகேரியஸ் ஒர்க்' என்று அடிக்கடி வரும். ஒப்பந்தம், தினக்கூலி, அவுட்சோர்சிங், ஆப் வழி டெலிவரி என இன்று இருந்து நாளை இல்லாமல் போகக்கூடிய வேலைகளெல்லாம் இதில் அடக்கம். தமிழில் 'நிலையற்ற வேலை' என்று எழுதிவிட்டுப் போகிறோம். தப்பில்லை, ஆனால் மூலச்சொல்லின் சாரம் அதில் இல்லை.

லத்தீனில் 'பிரெக்ஸ்' என்றால் வேண்டுகோள். ஆங்கிலத்தின் 'பிரேயர்' இதே வேரில் பிறந்ததுதான். 'பிரிகேரியுஸ்' என்றால் கெஞ்சிக் கேட்டுப் பெற்றது. ரோமானியச் சட்டத்தில் 'பிரிகேரியும்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் கேட்பார், உடைமையாளர் நிலத்தையோ பொருளையோ அனுபவிக்கக் கொடுப்பார். நினைத்த நேரத்தில் திருப்பி வாங்கிக்கொள்வார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், அடுத்தவர் விருப்பத்தை நம்பி இருப்பது என்றே பொருள். ஆபத்து, தடுமாற்றம் எல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டவை.

மன உளைச்சலின் வேரும் அந்த 'அடுத்தவர் விருப்ப'த்தில்தான் இருக்கிறது. நான் மூன்று வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். மார்ச் பிறந்தாலே தூக்கம் போய்விடும். ரினீவல் ஆர்டர் மேலாளர் மேசைக்கு வந்துவிட்டதா என்று டீ கொண்டுபோகிறவரிடம் விசாரிப்போம். காய்ச்சல் அடித்தாலும் லீவு கேட்க மாட்டோம். மேலாளர் முகம் கொடுத்துப் பேசாத நாளில் சோறு இறங்காது.

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கணக்கு நிரம்பிவிடக் கூடாதென்று இடையில் சில நாள் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுபோல் சேர்ப்பார்கள். 'பிரேக்' என்பார்கள் அதை. அந்த நாட்களில், வீட்டில் சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த நண்பர் எனக்கு உண்டு.

1985இல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களோடு தொடங்கிய 'வைட்ஹால் 2' ஆய்வு இந்த உளைச்சலைப் பதிவு செய்திருக்கிறது. தனியார்மயமாகப் போகிறது என்ற பேச்சு வந்த ஒரு துறையில், யாருக்கும் வேலை போவதற்கு முன்பே ஊழியர்களின் உடல்நலம் சரியத் தொடங்கியது. நெடுநாள் நிச்சயமின்மையில் இருந்தவர்களிடம் மனநலப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. பிறகு உறுதி கிடைத்தவர்களிடமும் அது முழுக்க மறையவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'பாதுகாப்பற்ற வேலை' என்றால் பட்டாசு ஆலை நினைவுக்கு வருகிறது. 'தற்காலிகப் பணி' என்பதும் பொருந்தவில்லை, பதினைந்து வருடமாகத் தற்காலிகமாக இருப்பவர்கள் எத்தனை பேர்! அறிக்கைகளில் எழுத 'பணி உறுதியின்மை' போதும். ஆனால் மூலச்சொல்லின் உயிர் வேண்டுமென்றால் நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: இரவல். 'இர' என்ற வினையிலிருந்து வந்தது, கேட்டுப் பெற்றது, கேட்டால் திருப்பித் தரவேண்டியது. ரோமானியர் சொன்ன 'பிரிகேரியும்' அச்சு அசலாக இதுதான். இரவல் சட்டையில் கல்யாணத்துக்குப் போனவர் பந்தியில் எப்படி உட்கார்ந்திருப்பார்? சாம்பார் தெறித்துவிடுமோ என்று கை இலையில் இருக்கும், கண் சட்டையிலேயே இருக்கும். இரவல் வேலை பார்ப்பவர் வருடம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.