ரெண்டு மொனிட்டர் மாட்டணுமா? மொதல்ல எந்த போர்ட் எந்த சிப்புக்குப் போகுதுன்னு பாருங்க

தலவாக்கலையில எங்க சித்தி மகள் வீட்டுல இருந்தே டிசைன் வேலை செய்யுது. செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு மொனிட்டர் வாங்கியிருக்கு, ஆனா லெப்டொப்புல எச்டிஎம்ஐ போர்ட் ஒண்ணுதான், கடையில கேட்டதுக்கு ஸ்பிளிட்டர் போட்டா சரியாயிரும்னு ஒண்ணை குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து மாட்டுனா ரெண்டு மொனிட்டரும் எரியுது, ரெண்டுலயும் ஒரே படம். "அண்ணே, இதுல இன்டெல் ஒண்ணு என்விடியா ஒண்ணுன்னு ரெண்டு கிராபிக்ஸ் இருக்கே, அப்பறம் ஏன் ரெண்டு மொனிட்டர்ல தனித்தனியா வரமாட்டேங்குது?"ன்னு கேட்டுச்சு.

நல்ல கேள்வி அது. ஸ்பிளிட்டர் கதை சின்னது, அது வர்ற ஒரே சிக்னலை ரெண்டா காப்பி பண்ணி அனுப்புது, லெப்டொப்புக்கு தெரியறது ஒரே ஒரு மொனிட்டர்தான். ரெண்டு சிப் விஷயம்தான் கொஞ்சம் உள்ள போய் பாக்கவேண்டியது.

கிராபிக்ஸ் சிப்புக்கு ரெண்டு வேலை. படத்தை வரையறது ஒண்ணு, வரைஞ்சதை கேபிள் வழியா மொனிட்டருக்கு ஓயாம அனுப்பிக்கிட்டே இருக்கறது இன்னொண்ணு. இந்த அனுப்புற வேலைக்கு சிப்புக்குள்ள தனி சர்க்கிட் இருக்கு, ஒரு ஸ்கிரீனுக்கு ஒண்ணுன்னு எண்ணி வச்ச கணக்குதான். 2011ல வந்த இன்டெல் ரெண்டாவது தலைமுறையில 2, அடுத்த வருஷம் மூணாவது தலைமுறையில 3, 2020ல வந்த பதினோராவது தலைமுறையில 4. லெப்டொப்போட சொந்த ஸ்கிரீனும் இதுல ஒண்ணை எடுத்துக்கும், அதனால பழைய ரெண்டாவது தலைமுறை மெஷின்ல இன்டெல்லை மட்டும் நம்பினா உள் ஸ்கிரீனோட வெளிய ஒண்ணுதான் ஓடும், சிப் எவ்வளவு வேகமா வரைஞ்சாலும் அது மாறாது.

இப்ப ரெண்டு சிப் எப்பிடி சேர்ந்து ஓடுதுன்னு பாப்போம். நுவரெலியா டவுனுக்கு இப்ப ரயில் இல்ல, கொழும்புல இருந்து எந்த ரயில்ல வந்தாலும் நானுஓயாவுல இறங்கி பஸ் பிடிச்சுதான் மேல போகணும். நெறைய லெப்டொப்புல என்விடியா சிப்பும் அப்பிடித்தான், உள் ஸ்கிரீனுக்கு அதுக்கு நேர் பாதை கிடையாது. அது வரைஞ்ச படத்தை மெமரிக்கு காப்பி பண்ணும், அங்க இருந்து இன்டெல் எடுத்து ஸ்கிரீனுக்கு அனுப்பும். 2010ல என்விடியா ஆப்டிமஸ்னு கொண்டுவந்தது இந்த ஏற்பாட்டைத்தான். 1920க்கு 1080 படம் ஒண்ணுக்கு 4 பைட் கணக்குல சுமார் 83 லட்சம் பைட் வரும், செக்கனுக்கு 60 படம்னா கிட்டத்தட்ட 500 மெகாபைட், இதை ரெண்டு சிப்புக்கும் நடுவுல இருக்கற பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை சிரமமில்லாம தூக்கிரும். வெல கூடின சில மெஷின்ல மக்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது உள் ஸ்கிரீனை நேரா என்விடியாவுக்கே திருப்பி விட்டுரும்.

வெளி போர்ட்டுகள்லதான் பலபேர் தடுமாறுறாங்க. எந்த போர்ட்டை எந்த சிப்புக்கு இழுக்கறதுன்னு போர்டை செஞ்சவங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க, பெரும்பாலான மெஷின்ல செட்டிங்ல அதை மாத்தமுடியாது. ஒரு மாடல்ல எச்டிஎம்ஐ என்விடியாவுக்கும் டைப்-சி இன்டெல்லுக்கும் போகும், இன்னொண்ணுல எல்லாமே இன்டெல்லுக்குத்தான், பாக்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். விண்டோஸ்ல டிஸ்பிளே செட்டிங்குக்குள்ள அட்வான்ஸ்ட் டிஸ்பிளேன்னு இருக்கறதை தொறந்து ஒவ்வொரு ஸ்கிரீனா தெரிவு செஞ்சா அது எந்த சிப்போட சேர்ந்திருக்குன்னு பேரோட காட்டும். லினக்ஸ் வச்சிருக்கறவங்க சிஸ் ஃபோல்டருக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள டிஆர்எம்னு போய் பாத்தா கார்ட் நம்பரும் போர்ட் பேரும் ஒண்ணா சேர்ந்தே எழுதியிருக்கும்.

தங்கச்சி மெஷின்ல பாத்தோம், எச்டிஎம்ஐ என்விடியாவுல நிக்குது. பக்கத்துல டைப்-சி போர்ட், அதுக்கு மேல நகத்தளவுகூட இல்லாம ஒரு சின்ன அடையாளம், டி எழுத்துக்குள்ள பி எழுத்து. டோர்ச் அடிச்சுதான் கண்டுபிடிச்சோம். அந்த அடையாளம்னா டிஸ்பிளேபோர்ட் சிக்னல் அதுல வரும்னு அர்த்தம் (டைப்-சின்னு பேர் இருந்தா மட்டும் போதாது, சார்ஜுக்கும் ஃபைல் மாத்தவும் மட்டுமே உள்ள டைப்-சி எத்தனையோ இருக்கு). டைப்-சில இருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு போற கேபிள் ஒண்ணு வாங்கி ரெண்டாவது மொனிட்டரை மாட்டுனோம், மூணு ஸ்கிரீனும் தனித்தனியா வந்துருச்சு.

மூணாவது மொனிட்டரும் வேணும்னா எம்எஸ்டின்னு ஒரு வழி இருக்கு, 2010ல வந்த டிஸ்பிளேபோர்ட் 1.2ல இருந்து ஒரே கேபிள்ல பல மொனிட்டருக்கான படத்தை அனுப்பலாம். அந்த 1.2ல செக்கனுக்கு 17.28 ஜிகாபிட் போகும், ஒரு 1080 மொனிட்டர் 60 ஹெர்ட்ஸுல மூணரை ஜிகாபிட் அளவு எடுக்கும். ஆனா ஆப்பிள் மேக்ல எம்எஸ்டி டொக் (ஒரு கேபிளை பல போர்ட்டா பிரிச்சு குடுக்கற பெட்டி) போட்டா ரெண்டுலயும் ஒரே படம்தான் வரும். டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள யூஎஸ்பி அடப்டர் வேற வகை, அது படத்தை சிபியு கையால சுருக்கி யூஎஸ்பியில அனுப்புது, கணக்கு வேலைக்கும் டைப்பிங்குக்கும் தாராளமா போதும், கேமுக்கு நான் சொல்லமாட்டேன்.

மழைக்காலத்துல நம்ம பக்கம் கரண்ட் போனா ஒண்ணை மறக்காதீங்க. மொனிட்டர் அணைஞ்சுரும், லெப்டொப் பேட்டரியில ஓடும், ஆனா எச்டிஎம்ஐ கேபிள்ல லெப்டொப்பே 5 வோல்ட் குடுக்குது, அந்த 5 வோல்ட்டை வச்சே அணைஞ்ச மொனிட்டர்கூட பல நேரம் "நான் இருக்கேன்"னு பதில் சொல்லும். போர்ட் என்விடியாவுல இருந்தா அந்த சிப் தூங்காம முழிச்சிருந்து பேட்டரியை தின்னும். கரண்ட் போன ஒடனே அந்த கேபிளை கழட்டி வச்சுருங்க.