ஷாண்டி: அம்பாவும் பின்பாட்டும்

பாய்மரக் கப்பலில் கூட்டாகக் கயிறு இழுக்கும்போதும் நங்கூரம் ஏற்றும்போதும் மாலுமிகள் பாடிய வேலைப் பாட்டுக்கு ஷாண்டி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இச்சொல் ஆங்கில அச்சில் தென்படத் தொடங்குகிறது. ‘பாடு’ என்று பொருள்படும் ‘ஷான்தே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த வினைக்கு மூலம் இலத்தீனின் ‘கன்தாரே’. குடிசையைக் குறிக்கும் ஷாண்டி ஒலியால் ஒன்றானாலும் வேறு சொல்.

தமிழில் இதைக் ‘கடல் பாட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் கடல் பாட்டுதான். ஆனால் அது புகார்க் கடற்கரையில் யாழோடு அமர்ந்து பாடியது, கேட்பதற்கானது. ஷாண்டிக்கு நேரான சொல் நம் மீனவர்களிடமே இருக்கிறது: அம்பா. கரைவலையின் கயிற்றை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’, ‘ஐலசா’ என்று ஒரே மூச்சில் வாங்கிப் பாடி இழுப்பது அம்பா. ‘ஏலேலோ’வை வள்ளுவரின் நண்பராகச் சொல்லப்படும் வணிகர் ஏலேலசிங்கனோடு இணைப்பது செவிவழிக் கதை. சொல்லின் வேலை இழுக்கும் கைகளை ஒன்றுசேர்ப்பது. அதற்கு வணிகர் பெயர் தேவையில்லை.

அடுத்த சொல் கோரஸ். இதைச் ‘சேர்ந்திசை’ என்று பெயர்ப்பது இங்கே பொருந்தாது. எல்லோரும் தொடக்கம் முதல் சேர்ந்து பாடுவது சேர்ந்திசை. ஷாண்டியில் ஒருவர் முன்னடி பாட, மற்றவர்கள் மறுமொழி தருகிறார்கள். தெருக்கூத்தில் வழங்கும் ‘பின்பாட்டு’ என்ற சொல்லே இதற்குச் சரி. மேடையில் பாடப்படும்போது அந்தப் பின்பாட்டுக்காரர்களின் இடம் அவையினருடையது. அவர்கள் எங்கே வாய்திறக்க வேண்டும், எங்கே கூடாது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாய் ஏற்றும் பாட்டில் ஒவ்வொரு பின்பாட்டு அடிக்கும் பெரும்பாலும் இரண்டு இழுப்பு. குறுகிய இழுப்புக்கான பாட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசிச் சொல்லில். நங்கூரச் சுழல்தூணைத் தள்ளிச் சுற்றும் பாட்டில் இழுப்பே இல்லை, சீரான நடைதான். முதல் கண்ணியை வாய்திறக்காமல் கேட்டால், மாறாமல் திரும்பி வரும் அடி எது, அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாம் கண்ணியிலிருந்து சேரலாம்.

முன்னடியைக் கூடவே பாடுவதுதான் பெரிய பிழை. வேலை நீண்டால் கண்ணி கூட்டவும், முடிந்தால் சட்டென நிறுத்தவும் முன்பாட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அவையினர் அந்த அடியையும் பிடித்துக்கொண்டால் அவரால் எதையும் மாற்ற முடியாது. பின்பாட்டின் கடைசிச் சுரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதும் கெடுதல். அந்தச் சுரம் அடங்குவதற்குள் அவர் அடுத்த அடியைத் தொடங்குவது பழைய வழக்கம். அந்த முதல் சொல் நம் குரலில் மூழ்கிவிடும்.

கைதட்டித் தாளம் போட வேண்டாம். கூட்டத்தின் தாளம் தன்னையறியாமல் வேகமெடுக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் தள்ளி இருப்பவர் காதை நம்பித் தட்டினால், பாட்டு அவரிடம் வந்து அந்தத் தட்டு பாடகரைத் திரும்ப அடைவதற்குள் நொடியில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். மெதுவான பாட்டைச் சிதைக்க அது போதும். பின்வரிசையில் இருப்பவர்கள் காதைவிடப் பாடகரின் தோளையும் மூச்சையும் கண்ணால் பின்தொடர்வது நல்லது.

உருக்கமான பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். பயண முடிவில், கப்பலை விட்டு இறங்கும் வேளைக்கென்றே ஒதுக்கிய விடைபெறும் ஷாண்டிகள் உண்டு. பாடகரின் குரல் பின்பாட்டில் தழுதழுத்தால் அவையினர் அந்த அடியைத் தாங்கிப் பாடலாம், பாடவும் வேண்டும். அதுதான் இந்த வடிவத்தின் அழகு. முன்னடியில் குரல் உடைந்தால் காத்திருக்க வேண்டும். எடுத்துக்கொடுப்பது உதவி ஆகாது. இறுதிப் பின்பாட்டை மேடையில் பலர் வேகம் தாழ்த்திப் பாடுவார்கள். பாடகர் மூச்சை விட்டுத் தோள் தளர்ந்த பிறகே கைதட்டல்.

ஓய்வு நேரத்தில் முன்தளத்தில் அமர்ந்து மாலுமிகள் பாடிய கதைப்பாட்டுகள் வேறு இனம். 2021இல் இணையம் முழுதும் ஷாண்டி என்ற பெயரில் பரவிய ‘வெல்லர்மேன்’ நியூசிலாந்துத் திமிங்கில வேட்டையைப் பற்றிய கதைப்பாட்டு. கண்டிப்பான பொருளில் ஷாண்டி அன்று. இந்த இனத்தில் சிலவற்றுக்குப் பின்பாட்டு உண்டு, பலவற்றுக்கு இல்லை. இல்லாதவற்றில் முணுமுணுப்புகூட வேண்டாம்.

நிகழ்ச்சி அறிவிப்பு எழுதுவோர் முதல் வகைக்கு ‘அம்பா’ என்றும் இரண்டாவதற்கு ‘மாலுமிக் கதைப்பாட்டு’ என்றும் பிரித்து எழுதலாம். அம்பாவுக்குக் கீழே பின்பாட்டு அடியையும் அச்சிட்டு, இழுப்பு விழும் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டினால் புதிதாக வருபவரும் சரியான இடத்தில் சேர்வார்.