உயிரிக்கரி: சொல்லும் பொருளும்

உமி, தேங்காய் ஓடு, மரச்சீவல், சோளத்தட்டை போன்றவற்றைக் காற்று மிகக் குறைந்த கலனில் ஏறத்தாழ 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அடுப்புக்காக அன்றி மண்ணில் இடுவதற்கென்றே ஆக்கப்படும் கரி ஆங்கிலத்தில் 'பயோசார்' எனப்படுகிறது. வாழ்வு எனப் பொருள்படும் 'பயோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும், 'சார்கோல்' என்ற ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியும் சேர்ந்து பிறந்த இச்சொல் 2000-களில்தான் பரவலாயிற்று. பொருளோ பழையது: அமேசான் படுகையின் தொல்குடிகள் விட்டுச்சென்ற கரியும் எலும்பும் குப்பையும் சேர்ந்து உருவான கருமண், 'டெர்ரா ப்ரெட்டா' என்ற போர்த்துக்கீசியப் பெயரோடு இன்றும் வளம் குன்றாமல் கிடக்கிறது.

தமிழில் 'உயிர்க்கரி', 'உயிரிக்கரி' என்ற இரண்டும் வழங்குகின்றன. உயிரி எரிபொருள், உயிரித் தொழில்நுட்பம் என்று முன்பே நிலைபெற்ற தொடர்களோடு ஒத்துவருவதால் 'உயிரிக்கரி' என்பதே பொருத்தமானது. 'கரி' நமக்குப் புதிதன்று. இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, மூட்டம் போடுகிறவர்கள் கையாள்வதும் காற்றைக் கட்டுப்படுத்தும் இதே நுட்பத்தைத்தான்.

காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களால் நஞ்சேறிய மண்ணில் இக்கரி செய்யும் வேலையைப் பலரும் 'உறிஞ்சுதல்' என்றே எழுதுகின்றனர். நம் வேதியியல் பாடநூல்கள் தரும் 'பரப்பு கவர்தல்' என்ற சொல்லே இங்குச் சரியானது. ஏனெனில், நுண்துளைகள் நிறைந்த கரியின் பரப்பில் உள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் எதிர்மின் தன்மை பெற்று, நேர்மின் அயனிகளாக இருக்கும் காரீயத்தையும் காட்மியத்தையும் அப்பரப்பிலேயே பிடித்து வைக்கின்றன. இதுதவிர வேறு வழிகளும் உண்டு: கரியோடு வரும் சாம்பல் மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால், உலோகங்கள் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும், அதாவது நீரில் எளிதில் கரையாத திண்மங்களாக, வீழ்படிகின்றன. எலும்பிலிருந்தோ எருவிலிருந்தோ ஆக்கிய கரியாயின், அதிலுள்ள பாஸ்பேட்டு காரீயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத பைரோமார்ஃபைட்டு என்னும் கனிமமாகிறது.

இதனை 'மண் சுத்திகரிப்பு' என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை. கரி இட்ட மண்ணை வலிய அமிலத்தில் கரைத்து அளந்தால் மொத்தக் காரீயம் ஏறத்தாழ முன்பிருந்த அளவே காட்டும். குறைவது வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கும் நீரில் கரைந்து இறங்கும் பங்கும்தான். ஆகவே 'நிலைப்படுத்தல்' என்பதே நேர்மையான சொல். உலோகம் அங்கேயே இருக்கிறது என்பதை உழவர் அறிந்திருந்தால்தான், பின்னாளில் மண் அமிலத்தன்மை அடைந்து பிடிப்பு தளர்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்.

எல்லா நஞ்சுக்கும் இது ஒரே வகையில் உதவுவதுமில்லை. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்), எதிர்மின் அயனியாக இருப்பதால் கரியின் பரப்பில் எளிதாக ஒட்டுவதில்லை. கரி அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, நச்சு குறைந்த, அதிகம் நகராத மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்குவதே முதன்மையான வழி. அவ்வினை அமிலச் சூழலில் விரைவாகவும், குரோமேட் கழிவு படிந்த காரமண்ணில் மிக மெதுவாகவும் நடக்கும். ஆர்செனிக்கோ இதற்கும் மாறானது: கரி காரத்தன்மையை உயர்த்தும்போது, அதுவரை இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு நீரோடு நகரத் தொடங்கலாம் என்பதால், அத்தகைய நிலத்தில் வெறும் உயிரிக்கரியை இடாமல், இரும்புச் சேர்மம் ஏற்றிய கரியையே சோதித்துப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.