மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து எப்படி உருவாகிறது?

இலை மஞ்சளான பிறகு "என்ன மருந்து அடிக்கலாம் சார்?" என்று கேட்டு வரும் உளுந்து விவசாயிகளிடம் ஒவ்வொரு பட்டத்திலும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் தேமல் வைரஸ் நோய். பரப்புவது வெள்ளை ஈ. மருந்து ஈயைக் குறைக்கும். நோய் கண்ட செடி குணமாகாது. நெல் அறுவடைக்குச் சற்று முன், மண் மெழுகுபோல ஈரமாக இருக்கும் பதத்தில் தூவி, அதிகம் செலவில்லாமல் எடுக்கும் நெல் தரிசு உளுந்தில் அடுத்தடுத்து மருந்தடித்தால் கட்டுப்படியாகாது. தாங்கும் ரகத்தை விதைப்பதுதான் வழி.

அந்த ரகத்தை உருவாக்குவது லேசான வேலை இல்லை. உளுந்துப் பூ விரியும் முன்பே தனக்குள் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். அதனால் முந்தின நாள் மாலையே மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். நிறைய மொட்டுகள் உதிர்ந்துவிடும். அப்புறம், கிடைத்த சந்ததிகளை வயலில் விதைத்து, நோயை இழுத்து வருவதற்காக இடையிடையே எளிதில் நோய் பிடிக்கும் கோ 5 ரகத்தை ஒரு வரிசை போடுவோம். வெள்ளை ஈ குறைந்த ஆண்டில் தாங்காத செடியும் பச்சையாகவே நிற்கும். அதை நம்பி விதை எடுத்தால் பல பருவ உழைப்பு வீண்.

டிஎன்ஏ குறியீடு கைகொடுப்பது இங்கேதான். எதிர்ப்பு மரபணுவை ஒட்டியே சந்ததிக்குப் போகும் அடையாளம் அது. நாற்றுப் பருவத்திலேயே இலைத் துணுக்கைச் சோதித்துச் செடியைத் தேர்ந்தெடுக்கலாம், ஈ வந்தாலும் வராவிட்டாலும். பாசிப்பயறின் மரபணுத் தொகுப்பு 2014-இல் வெளியானது. நெருங்கிய உறவுப் பயிரான உளுந்துக்கும் அது உதவுகிறது. கொண்டைக்கடலையில் இந்த முறை ஏற்கெனவே வயலுக்கு வந்துவிட்டது: ஐசிசி 4958 என்ற கொண்டைக்கடலை வகையின் வறட்சி தாங்கும் மரபணுப் பகுதியைப் பூசா 372 ரகத்துக்குள் கொண்டுவந்துதான் பூசா 10216 ரகம் உருவானது.

"அப்போ இது மரபணு மாற்று விதையா?" என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. குறியீடு செடியை அடையாளம் காண மட்டுமே. கலப்பு வழக்கமான கலப்புதான். மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகமான, 2011-இல் வந்த வம்பன் 6-உம் அப்படிப்பட்ட வழக்கமான கலப்பில், வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்தோடு கலந்து எடுத்ததுதான்.

வட இந்தியாவில் பெரும்பாலும் இந்த நோயைத் தருவது வேறு வைரஸ். அங்கே தாங்கிய ரகம் இங்கேயும் தாங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். விதைப் பையில் ரகப் பெயரையும் சான்று அட்டையையும் பாருங்கள். நல்ல ரகமே ஆனாலும், முதலில் மஞ்சளாகும் செடிகளை உடனே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வெள்ளை ஈ அவற்றிலிருந்துதான் வைரஸை அடுத்த செடிக்கு எடுத்துப் போகும்.