குளிர் எங்கே, சால்மன் அங்கே

ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் மேற்பரப்பு நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதே இடத்தில் 30 மீட்டர் ஆழத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை இறக்கினால் 6 அல்லது 7 டிகிரி காட்டும். இரண்டுக்கும் நடுவே, சில மீட்டர் தடிமன் மட்டுமே உள்ள ஒரு படலத்தில் 10 முதல் 13 டிகிரி வரையிலான நீர் கிடக்கிறது. சினூக் சால்மனுக்குப் பிடித்த நீர் அதுதான். ஏரியின் பரப்போ ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 281 மீட்டர். இவ்வளவு நீரில் ஆறு மீட்டர் நீள அலுமினியப் படகு ஒன்றில் போய் மீனைத் தேடுவது வீண் வேலை. மீனுக்குப் பிடித்த நீரைத் தேடுவது சாத்தியம். கோடையில் டிரோலிங் என்பது அந்தத் தேடல்தான். தூண்டிலும் இரையும் அதற்குப் பிறகு வருபவை.

தூண்டிலை நீரில் விட்டுவிட்டுப் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவதற்குப் பெயர் டிரோலிங். இதில் வலை கிடையாது. பாக் நீரிணைச் செய்திகளில் அடிபடும் இழுவலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு மூன்று பேர், சில தூண்டில் கழிகள், ஒரு சிறு எஞ்சின் இருந்தால் போதும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இதைவிடச் சோம்பலான மீன்பிடிப்பு உலகில் இருக்க முடியாது என்று தோன்றும். படகில் இருப்பவரோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆழத்தில், சரியான வேகத்தில் நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

நீர் ஏன் அடுக்கடுக்காகப் பிரிகிறது? நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடாகச் சூடாக எடை குறையும். கோடை வெயில் மேல் நீரைச் சூடாக்குகிறது, காற்று அதைக் கலக்குகிறது. ஆனால் அந்தக் கலக்கல் ஓரளவு ஆழத்தோடு நின்றுவிடுகிறது. கீழே உள்ள கனமான நீரைத் தூக்கி மேலே கொண்டுவரும் அளவுக்குக் காற்றுக்குத் தெம்பு போதாது. சூடு கூடக்கூட இந்தத் தடை இன்னும் பலப்படுகிறது: 10 டிகிரியிலிருந்து 11க்குப் போகும்போது குறையும் அடர்த்தியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக, 20லிருந்து 21க்குப் போகும்போது குறைகிறது. மேலே கலந்த வெதுவெதுப்பான நீர், கீழே அசையாத குளிர்நீர், நடுவே வெப்பம் செங்குத்தாகச் சரியும் படலம். அந்த நடுப்படலத்தைத்தான் தெர்மோகிளைன் என்கிறார்கள்.

மீனின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பம்தான். நீர் சூடானால் அதன் உடலியக்கம் வேகமெடுத்து ஆக்சிஜன் தேவை கூடும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறைவு. ஆகவே சால்மன் குடும்பத்து மீன்கள் ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற நீரில் தங்குகின்றன. லேக் டிரவுட்டுக்கு 7 முதல் 10 டிகிரி ஒத்துப்போகும். கோஹோவுக்கு 12 டிகிரியை ஒட்டிய நீர். ஸ்டீல்ஹெட் இன்னும் சற்று வெதுவெதுப்பைத் தாங்கும். ஸ்டீல்ஹெட் என்பது வேறு மீனல்ல; இடம்பெயர்ந்து வாழும் வானவில் டிரவுட்தான். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியின் ஓடைகளில் விட்டு வளர்த்த அதே இனம். அது அவலாஞ்சியில் பிழைத்ததும் சமவெளிக்கு இறங்காமல் போனதும் இதே வெப்பக் கணக்கால்தான்.

சால்மன் எப்போதும் குளிரிலேயே அடைந்து கிடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதன் முக்கிய இரையான அலேவைஃப் என்ற சிறு மீனுக்கு வெதுவெதுப்பான நீர் பிடிக்கும். சினூக் மேலே பாய்ந்து நான்கைந்தைப் பிடித்துத் தின்றுவிட்டுக் குளிருக்குத் திரும்பும். எனவே இரையும் இரைகொல்லியும் சந்திக்கும் எல்லை தெர்மோகிளைனும் அதன் மேல் விளிம்பும்தான்.

இத்தனைக்கும் சினூக்கோ கோஹோவோ இந்த ஏரியின் மண்ணின் மைந்தர்கள் அல்ல. நயாகரா அருவியைச் சுற்றிப்போக வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாய் வழியாகக் கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் அருவிக்கு மேலே உள்ள ஏரிகளுக்குள் நுழைந்தது. மிச்சிகன் ஏரியின் சொந்தக்காரனான லேக் டிரவுட்டை, அதிகப்படியான மீன்பிடிப்போடு சேர்ந்து, கிட்டத்தட்டத் துடைத்தழித்தது. வேட்டையாட ஆளில்லாத ஏரியில் அலேவைஃப் பெருகியது. 1967இல் அது கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரையெங்கும் ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தைய ஆண்டே, மிச்சிகன் மாநில மீன்வளத் துறையை நடத்திய ஹாவர்ட் டானர், பசிபிக் கரையிலிருந்து தருவித்த முட்டைகளைப் பொரித்து வளர்த்த கோஹோ குஞ்சுகளை ஆறுகளில் விடச் செய்திருந்தார். 1967இல் சினூக்கும் சேர்ந்தது. இயற்கையியலாளர் பலருக்கு இன்றும் உடன்பாடில்லாத முடிவு இது. ஆனால் ஏரியின் உணவுச் சங்கிலியையும் கரையோர ஊர்களின் பிழைப்பையும் இது ஒரே வீச்சில் மாற்றியது என்பதில் சந்தேகமில்லை.

சரி, 25 மீட்டர் ஆழத்தில் மீன் இருக்கிறது. மெல்லிய தகட்டுத் தூண்டிலை அங்கே எப்படிக் கொண்டுபோவது? படகு ஓடும்போது நீரின் இழுவை தூண்டில் கயிறான நரம்பைப் பின்னால் தள்ளி மேலே ஏற்றிவிடும். நரம்பிலேயே பெரிய ஈயக்குண்டைக் கட்டினால் ஆழம் கிடைக்கும். ஆனால் சிக்கிய மீனோடு குண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும், அதில் விளையாட்டு ஏது? இதற்கான விடைதான் டவுன்ரிக்கர். படகின் ஓரத்தில் ஒரு உருளை. அதில் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் 4 அல்லது 5 கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்கு அருகே ஒரு கிளிப்பில் கவ்வ வைத்துக் குண்டோடு இறக்குகிறார்கள். மேலே கழி நன்றாக வளைந்து நிற்கும். மீன் கவ்வி இழுத்ததும் கிளிப் விட்டுவிடும், கழி சட்டென்று நிமிரும். பிறகு மீனுக்கும் மனிதருக்கும் நடுவே நரம்பு மட்டுமே.

குண்டு நேர் கீழே தொங்காது. அது எவ்வளவு பின்தங்கும் என்று கணக்கிட்டால் ஒரு வேடிக்கை தெரியவரும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 4.5 கிலோ ஈயக்குண்டின் மீது நீர் கொடுக்கும் இழுவை 2 நியூட்டனைக்கூடத் தொடாது. 30 மீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமனும் உள்ள கம்பியின் மீது விழும் இழுவையோ ஏறத்தாழ 17 நியூட்டன். நூல் போன்ற கம்பிதான் வில்லன், குண்டு அப்பாவி. காரணம், முழு நீளத்தையும் சேர்த்தால் நீருக்குக் குறுக்கே கம்பி காட்டும் பரப்பு குண்டுடையதைப் போல நான்கு மடங்கு. அதனால் கம்பி நேர்க்கோடாகச் சாயாமல், அடியில் ஏறக்குறையச் செங்குத்தாகவும் மேலே வரவரச் சாய்ந்தும் வளைந்து நிற்கிறது. இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். குண்டு வெகுவாகப் பின்னுக்குப் போய் மேலே எழும்பிவிடும். கருவியில் 30 மீட்டர் கம்பி இறங்கியதாகக் காட்டுவது வேறு, குண்டு 30 மீட்டர் ஆழத்தில் இருப்பது வேறு.

வேகத்திலும் இதே ஏமாற்று உண்டு. ஜிபிஎஸ் காட்டுவது நிலத்தைப் பொறுத்த வேகம். தூண்டிலுக்கு வேண்டியது அதைச் சுற்றியுள்ள நீரைப் பொறுத்த வேகம். பெரிய ஏரிகளில் மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் நீரோட்டம் ஓடலாம். கீழ் நீரோட்டம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால், 4 கிலோமீட்டரில் போகும் படகின் தூண்டில் உண்மையில் 5 கிலோமீட்டரில் ஓடுகிறது. படகைத் திருப்பி அதே வழியில் வந்தால் மூன்றுதான். வடக்கே போகும்போது மட்டும் மீன் கடிக்கிறது, தெற்கே வரும்போது கடிப்பதில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். வசதியுள்ளவர்கள் குண்டுக்கு அருகிலேயே வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரியைக் கட்டி இறக்குகிறார்கள். என் கணிப்பில், விலையுயர்ந்த தூண்டில்கள் நிறைந்த பெட்டியைவிட அந்த ஓர் உணரி மேல்.

வேகத்தில் இத்தனை கண்டிப்பு எதற்கு? ஸ்பூன் என்று அழைக்கப்படும் வளைந்த உலோகத் தகடு, தன் இருபுறமும் நீர் மாறி மாறிச் சுழித்துப் பிரிவதால் ஆடுகிறது. மெதுவாகப் போனால் செத்ததுபோல் தொங்கும். மிக வேகமாகப் போனால் ஆட்டம் சுழற்சியாக மாறும். நடுவில் உள்ள குறுகிய வரம்பில்தான் அது அடிபட்ட சிறு மீனைப் போல அசையும். அந்த அசைவை மீன் கண்ணால் மட்டும் அறிவதில்லை. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, அருகில் நீர் அசைவதை உணர்கிறது.

படகு நேராகப் போகாமல் பாம்புபோல் வளைந்து போவதிலும் பொருள் இருக்கிறது. திரும்பும்போது வெளிப்புறத் தூண்டில் வேகமெடுத்து மேலே எழும். உட்புறத் தூண்டில் வேகமிழந்து தாழும். திருப்பத்தில் எந்தப் பக்கம் மீன் கடித்தது என்பதே அடுத்த ஒரு மணி நேரத்துக்கான வேகத்தைச் சொல்லிவிடும். தூண்டில்களைப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கி வைக்கச் சாய்ந்த பலகைகளைப் பயன்படுத்துகிறார்கள். காற்றில் பட்டம் நிற்பதுபோல அவை நீரின் விசையால் ஒதுங்கி ஓடும்.

படகுத் திரையில் தெரியும் வளைவுகள் மீனின் உருவம் அல்ல. சோனார் என்ற ஒலிக்கருவி அனுப்பும் ஒலி நன்னீரில் நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் வேகத்தில் போய், பெரும்பாலும் மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்புகிறது. ஒலிக்கற்றை கூம்பு வடிவம். 20 டிகிரிக் கூம்பு என்றால் 30 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள வட்டம். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தொலைவு அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மீண்டும் அதிகம். அந்தத் தொலைவு மாற்றம்தான் வளைவாக வரையப்படுகிறது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான மிதவையுயிரிகள் அடர்ந்த தெர்மோகிளைனும் பல நேரங்களில் மங்கலான பட்டையாகத் திரையில் தெரியும்.

இதெல்லாம் காற்று அடங்கியிருக்கும் நாளின் கதை. காற்று வீசினால் அடுக்குகளே இடம் மாறும். தெற்கிலிருந்து காற்று ஓரிரு நாள் தொடர்ந்து அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல் நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது கிழக்கே தள்ளப்படுகிறது. மேற்குக் கரையான விஸ்கான்சினில் அது விட்டுப்போன இடத்தை நிரப்பக் குளிர்ந்த ஆழ்நீர் மேலேறி வருகிறது. நேற்றுவரை பல கிலோமீட்டர் தொலைவில் ஆழத்தில் இருந்த சால்மன் இன்று துறைமுக வாயிலுக்கே வந்துவிடும். சிறு படகுக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. வடக்குக் காற்று அடித்தால் இதே அதிர்ஷ்டம் எதிர்க்கரையான மிச்சிகனுக்கு.

ஆனால் காற்று யாருக்கும் வேண்டியவன் அல்ல. கோஹோ பித்து தலைக்கேறியிருந்த 1967 செப்டம்பர் 23 அன்று, எச்சரிக்கையை மீறிச் சிறு படகுகளில் போனவர்களை மிச்சிகன் கரையோரம் புயல் பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள்.

வசந்தத்தில் விதி வேறு. கரையோர நீர் 4 டிகிரியைத் தாண்டியிருக்கும். நடு ஏரி அதற்கும் கீழே குளிர்ந்திருக்கும். இரண்டும் சந்தித்துக் கலக்கும் கோட்டில் நீர் 4 டிகிரிக்கு வந்து, இரண்டையும்விடக் கனமாகி மூழ்குகிறது. இருபுறத்திலிருந்தும் மேல் நீர் அந்தக் கோட்டை நோக்கி ஓடிவர, குப்பை, நுரை, பூச்சிகள் எல்லாம் அங்கே சேர்கின்றன. பூச்சிகளைத் தின்ன ஸ்டீல்ஹெட் வருகிறது. அப்போது டவுன்ரிக்கர் தேவையில்லை. தூண்டிலை மேற்பரப்பிலேயே இழுத்தால் போதும்.

அண்மைக் காலத்தில் ஏரியே மாறிவிட்டது. குவாகா மட்டி என்ற வந்தேறிச் சிப்பி, நீரை ஓயாமல் வடிகட்டி மிதவையுயிரிகளை உண்டு தீர்க்கிறது. நீர் கண்ணாடியாகிவிட்டது, அலேவைஃபுக்கு உணவு குறைந்தது. பக்கத்து ஹூரான் ஏரியில் 2000களின் தொடக்கத்தில் அலேவைஃப் சரிந்ததும் சினூக்கும் சரிந்தது. அந்தப் பாடத்தால் மிச்சிகன் ஏரியில் 2013இல் சினூக் குஞ்சுகள் விடுவதைப் பாதியாகக் குறைத்தார்கள். தெளிந்த நீரில் மீன் படகுக்கு மிரள்கிறது. தூண்டிலை இன்னும் பின்னால் விட வேண்டியிருக்கிறது. சிவப்பு ஒளி முதலில் உறிஞ்சப்படுவதால் ஆழத்தில் சிவப்புத் தகடு கருப்பாகவே தெரியும். விடியலுக்கு முன் இறங்குபவர்கள், டார்ச் ஒளி ஏற்றிய மினுங்கும் ஸ்பூன்களை நாடுகிறார்கள்.

ஆகஸ்ட் முடிவில் முதிர்ந்த சினூக்குகள் தாம் விடப்பட்ட அல்லது பிறந்த ஆறுகளின் வாயில் கூடத் தொடங்கும். வயிறு சுருங்கி உணவை நிறுத்திவிடும். வெப்ப விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் சூடான ஆழமற்ற நீருக்குள் நுழையும். சாப்பிடாத மீன் தூண்டிலை ஏன் கவ்வுகிறது என்று கேட்டால் எரிச்சல் என்பார் ஒருவர், பழக்கம் என்பார் இன்னொருவர். ஏதோ ஒன்று, கவ்வத்தான் செய்கிறது. அந்தச் சில வாரங்களுக்குப் படகுக்காரர்கள் தெர்மாமீட்டரை ஓரம் கட்டிவிட்டு, விடியற்காலையில் ஆற்று வாயில் வரிசை கட்டுகிறார்கள்.