போன் கம்பனிக்கு ஸ்போர்ட்ஸ் கார் எப்படிக் கைவந்தது?

வெள்ளவத்தையில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “அண்ணா, ஃபெராரியும் மக்லாரனும் எஞ்சின் செய்து பழகவே எத்தனையோ வருஷம் எடுத்தார்கள். நேற்றுவரை போன் விற்ற சியோமி எப்படி 1,500 குதிரைவலுக் கார் விற்கிறது? வேறு யாருடையதோ எஞ்சினை வாங்கிப் பூட்டுகிறார்களா?”

சந்தேகம் நியாயமானதுதான். இந்தப் பக்கம் வந்த பெரிய ஆட்கள் சிலர் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். ஆப்பிள் மக்லாரனை வாங்கப் பார்க்கிறது என்று 2016 செப்டெம்பரில் ஃபினான்ஷியல் டைம்ஸ் எழுதியது. அப்படி எதுவும் இல்லை என்றது மக்லாரன். ஆப்பிள் பல ஆண்டுகள் இரகசியமாகக் கட்டிக்காத்த கார்த் திட்டமே 2024 பெப்ரவரியில் மூடப்பட்டது. தூசு உறிஞ்சி செய்கிற டைசன் 2019இலேயே ஒதுங்கிவிட்டது. சியோமி மட்டும் 2021 மார்ச்சில் அறிவித்து, 2024இல் முதல் காரை வீதிக்கு இறக்கியது. அடுத்த வருடம் வந்தது எஸ்யூ7 அல்ட்ரா: மூன்று மோட்டார்கள், 1,548 குதிரைவலு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுபாதையில் 20.8 கிலோமீற்றரை 7 நிமிடம் 4.957 நொடியில் ஓடி முடித்தது. பின் சில்லுகளை ஓட்டும் இரண்டு மோட்டார்களும் சியோமி சொந்தமாக வடிவமைத்தவை.

எஞ்சின் கலை வேறு, மோட்டார் கலை வேறு. எப்படியென்று பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தில் படித்த மோட்டாரில் காந்தங்களுக்கு நடுவில் ஒரு சுருள் சுற்றும். கார் மோட்டார் அதற்குத் தலைகீழ். சுருள்கள் வெளியே அசையாமல் நிற்கும். காந்தங்கள் பதித்த சுழலி உள்ளே சுற்றும். மூன்று தொகுதிச் சுருள்களுக்கு ஒன்றுக்கொன்று 120 பாகை பின்தங்கிய ஆடலோட்டம் (ஏ.சி.) கொடுத்தால், மூன்றின் காந்தப்புலங்களும் சேர்ந்து ஒரே புலமாகச் சுழலத் தொடங்கும். சுழலியின் காந்தம் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். இதுவரை பழைய கதைதான்.

துரத்துகிற காந்தத்துக்கும் ஓடுகிற புலத்துக்கும் இடையிலுள்ள கோணத்தில்தான் வித்தையே இருக்கிறது. கோணம் பூச்சியம் என்றால் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி சும்மா சேர்ந்து சுற்றும், சுழலியைத் திருப்பும் முறுக்குவிசை இல்லை. 90 பாகையில் உச்சம். (நிஜ மோட்டார்களில் கொஞ்சம் கூடக்குறைய வரும், அதை விடுவோம்.) ஆகவே புலம் எப்போதும் காந்தத்துக்கு ஏறக்குறைய 90 பாகை முன்னே நிற்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் சியோமியின் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 27,200 சுற்றுவரை போகும். ஒரு நொடிக்கு 453 சுற்று. பற்றரியில் இருப்பதோ நேரோட்டம் (டி.சி.). அதை ஆடலோட்டமாக்கும் இன்வேர்ட்டருக்குள் இருக்கும் ஆளிகளைப் போட்டும் நிறுத்தியும்தான் மூன்று அலைகளை உண்டாக்க வேண்டும். ஓட்டுநர் காலைச் சற்று அசைத்தால் மூன்று அலைகளின் உயரமும் வேகமும் சேர்ந்து மாறவேண்டும். அலையாகவே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றிவிடும்.

வழி கிடைத்தது 1929இல். ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை செய்த ரொபர்ட் பார்க், மின்நிலைய மின்பிறப்பாக்கிகளை ஆராய்ந்தபோது, கணக்கைத் தரையில் நின்று போடாமல் சுழலியின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டார். கோயில் திருவிழா ராட்டினத்தைக் கீழே நின்று பார்த்தால் குதிரைகள் வருவதும் போவதுமாக இருக்கும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் குதிரை அசையாது. அதேதான் இதுவும். தரையிலிருந்து பார்க்கும்போது மூன்று சைன் அலைகள். சுழலியிலிருந்து பார்த்தால் அசையாத இரண்டே இரண்டு எண்கள். ஒன்று காந்தத்தின் திசையில் உள்ள மின்னோட்டம், மற்றது அதற்குச் செங்குத்தாக உள்ளது. செங்குத்து எண்தான் முறுக்குவிசை. இரண்டு மடங்கு இழுவை வேண்டுமா, அந்த எண்ணை இரட்டியுங்கள். முடிந்தது.

கார் செய்வதும் இதைத்தான். மின்னோட்டங்களை அள, சுழலி நிற்கும் கோணத்தை அள, சைனும் கோசைனும் பெருக்கி இரண்டு எண்களாக்கு, ஓட்டுநர் கேட்டதோடு ஒப்பிட்டுத் திருத்து, திரும்ப மூன்று அலைகளாக்கி ஆளிகளுக்கு அனுப்பு. நொடிக்கு 10,000 தடவை அளவில் இது நடக்கிறது. செங்குத்து எண்ணின் குறியை மறையாக்கினால் அதே மோட்டார் மின்பிறப்பாக்கியாகி, காரை இழுத்துப் பிடித்து, பற்றரிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். தனி இயந்திரம் ஒன்றும் தேவையில்லை, ஒரு கழித்தல் குறி போதும்!

எனக்கு இதைவிடப் பிடித்தது மற்ற எண். காந்தத்தின் திசையில் உள்ள மின்னோட்டம் முறுக்குவிசைக்கு உதவாது, வீண் என்றுதானே தோன்றும்? வேகம் கூடக்கூட, சுழலும் காந்தம் சுருள்களில் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஒரு கட்டத்தில் அது பற்றரியின் அழுத்தத்தை எட்டிவிடும். அதற்குமேல் மின்னோட்டத்தை உள்ளே தள்ள முடியாது. மோட்டார் அந்த வேகத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். அப்போது கணினி அந்த ‘வீண்’ எண்ணை மறைப் பக்கம் கொண்டுபோகும். காந்தத்தின் புலம் ஓரளவு அமுங்கும், எதிர் அழுத்தம் இறங்கும், மோட்டார் இன்னும் மேலே ஓடும். நிலைக்காந்தத்தின் பலத்தை ஓடும்போதே மென்பொருளால் குறைக்கிறார்கள்! ஒரே பல்லிணைப்பை வைத்துக்கொண்டு இந்தக் கார்கள் அந்த வேகத்துக்குப் போவதற்கு இது பெரிய காரணம்.

புதுக் காரைக் கோயிலடியில் நிறுத்தி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறோமே, அந்த முதல் அங்குலத்தைக் கவனியுங்கள். பெற்றோல் கார் கிளட்சோ கியர்பெட்டியோ நழுவ நழுவத்தான் நகரும். மின்மோட்டார் அசையாமல் நிற்கும்போதே முழு முறுக்குவிசையும் தரும். எலுமிச்சம்பழம் விபத்தைத் தடுக்கும் என்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஐயருக்குக் கொடுக்கும் தட்சிணையில் பாதிக்கு நல்ல ரயர் பார்த்துப் போடலாம் என்று வீட்டில் சொல்லி ஏச்சு வாங்குகிற ஆள் நான்.

சரி, கம்பனிகளுக்கு வருவோம். பார்க்கின் கணக்குக்குத் துணையாக, மூன்று அலைகளை இரண்டு அச்சுகளுக்கு மாற்றும் முறையைத் தந்தவர் எடித் கிளார்க். பெண்களை மின்பொறியியலாளராக எடுக்கவே தயங்கிய காலத்தில், 1922இல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் அந்தப் பதவிக்கு வந்தவர். இருவரின் கணக்கையும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் முறையாக ஆக்கியவர்கள் ஜெர்மனியின் ஹாஸேயும் பிளாஷ்கேயும், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில். அன்று அதை ஓட்ட மலிவான நுண்கணினி இல்லை. இன்று இருக்கிறது. அதாவது காரின் உயிர் உலோக வார்ப்பிலிருந்து கணக்குக்கு இடம்மாறிவிட்டது. கணக்கு போன் கம்பனிக்குத் தெரிந்த தொழில். 2025 மே மாதம் சியோமி ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அல்ட்ராவின் வலுவை 900 குதிரைவலுவாகக் குறைத்தது. ஓடுபாதையில் குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்டினால்தான் மிச்ச வலு கிடைக்குமாம். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழ, சியோமி அதை மீளப்பெற்றது. எஞ்சின் காலத்தில் இரவோடிரவாக 600 குதிரைகளை யார் அவிழ்த்துக்கொண்டு போயிருக்க முடியும்?

கணக்கால் ஆகாதவையும் உண்டு. பிறேக், ரயர், மோதலில் நொறுங்கும் உடல், பற்றரிச் சூடு, தொழிற்சாலை. ஆப்பிளிடம் பணத்துக்கோ கணக்குக்கோ பஞ்சமில்லை, இருந்தும் ஒரு கார்கூட வெளியே வரவில்லை.

கொழும்பிலும் ஒரு கம்பனி முயன்றது. மருதானையில் இருந்து பயண முன்பதிவு மென்பொருள் செய்யும் கோட்ஜென், கடந்த தசாப்தத்தில் ‘வேகா’ என்ற மின் சுப்பர் கார்த் திட்டத்தில் இறங்கி மாதிரி வண்டியும் கட்டியது. இலங்கை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதம் அளவைத்தான் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் ஒதுக்குகிறது; அந்த நிலையில் இது துணிச்சல்தான். பார்க்கின் கணக்கு ஸ்போர்ட்ஸ் காருக்காகப் போட்டதல்ல என்பதை நிதி ஒதுக்குகிற ஆட்களுக்கு யாராவது சொன்னால் நல்லது. கோட்ஜென் குழு மின் ஓட்டோவிலும் கைவைத்தது. எனக்கென்றால் அதுதான் பெரிய சங்கதி. பின்னேரம் ஐந்து மணிக் காலி வீதியில் 1,548 குதிரைவலுவும் ஓட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும்.